ஐவி கோவை ஆகாது

பெங்களூரு அல்சூரில் எங்கள் பக்கத்து வீட்டு அக்கா போன வாரம் ஒரு சின்னத் தொட்டியோடு வந்து நின்றார். "தம்பி, இது கோவைக்கொடிதானே? பேத்திக்குக் கையெல்லாம் சொறி. இலையை அரைச்சுப் போடலாமா?" ஜனவரியில் லால்பாக் மலர்க் கண்காட்சிக்குப் போனபோது வாங்கிய செடி. ஐந்து முனையாகப் பிரிந்த கரும்பச்சை இலை, ஓரத்தில் வெள்ளைக் கரை. அது ஐவி, சுவரைப் பற்றி ஏறும் ஒரு வெளிநாட்டுக் கொடி. அவருக்குச் செல்பேசியில் யாரோ அனுப்பியிருந்த தமிழ்க் குறிப்பின் தலைப்போ 'வீட்டுக்குள் கோவைக்கொடி வளர்ப்பது எப்படி' என்று இருந்தது.

ஐவியைக் கோவை என்று எழுதுவதை நான் இதற்கு முன்பும் பார்த்திருக்கிறேன். பார்த்துப் பல்லைக் கடித்துக்கொண்டு கடந்து போயிருக்கிறேன். இந்த முறை அது ஒரு குழந்தையின் கை வரைக்கும் வந்துவிட்டது. கோவை இலைச் சாற்றைச் சொறிக்குத் தடவுவது நம் வீடுகளில் இருக்கும் பழக்கம். ஐவியின் சாறு தோலில் பட்டால் சிலருக்குச் சிவந்து அரிப்பெடுக்கும். சொறிக்கு மருந்து என்று நினைத்துச் சொறியைக் கிளப்பும் இலையைப் பூசியிருப்பார்கள்.

சொல்லின் பிறப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பழைய ஆங்கிலத்தில் 'இஃபிக்' என்று இருந்தது தேய்ந்து ஐவி ஆனது. ஜெர்மன் மொழியில் இதன் உறவுச் சொல் 'எஃபாய்'. தாவரவியல் பெயர் ஹெடெரா ஹீலிக்ஸ், 1753இல் லின்னேயஸ் வைத்தது. ஹெடெரா என்பது இந்தக் கொடிக்கு லத்தீன்காரர்கள் வைத்திருந்த பெயர். ஹீலிக்ஸ் கிரேக்கத்திலிருந்து வந்தது, சுருள் என்று பொருள்.

அப்புறம் கோவை எங்கிருந்து உள்ளே வந்தது? நம் கோவைக்காய்க்கு ஆங்கிலத்தில் 'ஐவி கோர்ட்' என்று பெயர். கோவை இலை ஐவி இலை போல ஐந்து முனையோடு இருப்பதால் அப்படி ஒரு பெயர். கோர்ட் என்றால் சுரை, பூசணி வகைக் காய். ஆக, 'ஐவி மாதிரி இலை உள்ள காய்' என்பதுதான் அந்தப் பெயரின் பொருள். மொழிபெயர்த்தவர் அகராதியில் அந்த இரட்டைச் சொல்லைப் பார்த்து, பாதியை வெட்டி எடுத்து, ஐவி என்றால் கோவை என்று முடிவு கட்டிவிட்டார். ஒருவரைப் பார்த்து 'உங்கள் ஜாடையில் ஒரு பையனைப் பார்த்தேன்' என்று சொன்னால், அந்தப் பையனின் பெயரை இவருக்கு வைத்துவிட முடியுமா?

கோவை நமக்கு எவ்வளவு பழகிய கொடி! கொவ்வை என்ற பழைய வடிவத்தில் அதன் பழத்தைச் செவ்வாய்க்கு உவமையாகச் சொல்லிச் சொல்லிப் பழகிய மொழி இது. இங்கே சந்தையில் 'தொண்டேகாயி' என்று கன்னடத்தில் கேட்டு வாங்கி வந்து, வீட்டில் கோவைக்காய்ப் பொரியல் என்று பரிமாறுகிறோம். கோவைப் பழம் சிவப்பு, கிளி கொத்தும். ஐவியின் பழம் கறுப்பு, மனிதர் தின்றால் வயிற்றைக் கெடுக்கும். நாய், பூனை இலையைக் கடித்தாலும் ஆபத்து. இருமலுக்கான சில மருந்துகளில் ஐவி இலைச் சாரம் சேர்க்கிறார்களே என்று கேட்கலாம். அது அளந்து பிரித்தெடுத்த சாரம். அதை வைத்து வீட்டில் இலையைப் பறித்துக் கஷாயம் போடக் கூடாது.

சரி, கோவையை ஒதுக்கிவிடலாம். அடுத்து வருவது 'படர்கொடி'. தமிழார்வம் உள்ள நண்பர்கள் பலர் இதைத்தான் சொல்கிறார்கள். என் சண்டை அவர்களோடுதான் அதிகம், ஏனென்றால் அவர்களுக்குச் சொல்லில் அக்கறை உண்டு. படர்கொடி நல்ல தமிழ். ஆனால் அது ஒரு செடியின் பெயர் ஆகாது. பூசணி படர்கொடி, சுரை படர்கொடி, முல்லை படர்கொடி. ஐவியும் படர்கொடி என்றால் எதைச் சொல்கிறோம்? நாயை 'நாற்கால்' என்று அழைப்பது போலத்தான்.

அதோடு, படர்வதா ஐவியின் தனிக் குணம்? முல்லைக்குக் கொழுகொம்பு வேண்டும். அது இல்லாமல் தவித்த முல்லைக்குத்தான் பாரி தேரையே விட்டுவிட்டு நடந்தான். ஐவிக்குக் கொழுகொம்பு தேவையில்லை. அக்கா வீட்டில் ஒரு கிளை சுவரைத் தொட்டபடி வளர்ந்திருந்தது. மெல்ல இழுத்துப் பார்த்தேன், வரவில்லை. இன்னும் கொஞ்சம் இழுத்ததும் சுண்ணாம்புத் துணுக்கோடு பிய்ந்து வந்தது. தண்டைத் திருப்பினால், சுவர்ப் பக்கம் மட்டும் பல்தேய்க்கும் பிரஷ்ஷின் முடி போல நெருக்கமாகக் குட்டை வேர்கள். இவற்றுக்குப் 'பற்று வேர்' என்று பாடப்புத்தகத் தமிழில் பெயர் இருக்கிறது. வெற்றிலையும் மிளகும் இப்படி வேரால் பற்றித்தான் ஏறுகின்றன. ஆகவே வகையைச் சொல்ல வேண்டுமானால் 'பற்றுக்கொடி' என்பதே சரி. படர்கொடி என்று சொன்னால் இந்தப் பிடிப்பு முழுக்கக் காணாமல் போகிறது.

இன்னொரு தீமையும் உண்டு. படர்கொடி என்றதும் நம் கை பூசணியை நினைத்து வேலை செய்யும். நல்ல வெயிலில் வைப்போம், தினமும் தண்ணீர் ஊற்றுவோம். ஐவி இரண்டையும் தாங்காது. குளிர்ச்சி வேண்டிய செடி அது. பெங்களூரு கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் இருப்பதால் இங்கே வீட்டுக்குள் நன்றாகவே வருகிறது. சென்னைச் சித்திரையில் பாடுபடும்.

அந்தக் குறிப்பை முழுக்கப் படித்தபோது எனக்கு வருத்தம்தான் மிஞ்சியது. 'பிரகாசமான மறைமுக ஒளியில் வைக்கவும்' என்று ஒரு வரி. அக்கா அதை மூன்று முறை படித்துவிட்டு அலமாரிக்குப் பின்னால் மறைவாக வைத்திருக்கிறார். தமிழில் வெயில் வேறு, வெளிச்சம் வேறு. 'வெளிச்சம் வேண்டும், வெயில் ஆகாது' என்று எழுதினால் நான்கே சொல்லில் முடிந்தது. 'மண்ணின் மேற்பரப்பு உலர்நிலையை எய்திய பின் நீர்ப்பாய்ச்சவும்' என்று இன்னொரு வரி. ஒரு விரற்கணு ஆழம் மண் காய்ந்தால் தண்ணீர் விடுங்கள் என்றால் யாருக்குப் புரியாது? எல்லாவற்றுக்கும் மேலே 'சிலந்திகளைக் கொல்லவும்' என்று இருந்தது. சொல்ல வந்தது செம்பேன், ஆங்கிலத்தில் 'ஸ்பைடர் மைட்'; அதில் பாதியை மட்டும் பார்த்துச் சிலந்தி ஆக்கிவிட்டார்கள். பங்குனி, சித்திரைக் காய்ச்சலில் இலையின் அடியில் பொடி போல ஒட்டிக்கொண்டு சாறு உறிஞ்சும், மேலே மஞ்சள் புள்ளி விழும். செடியைக் குழாயடியில் சாய்த்து இலையடியை நன்றாகக் கழுவினால் பெரும்பாலும் அடங்கும். அக்காவோ ஜன்னலில் பூச்சி பிடித்துக்கொண்டிருந்த சிலந்தியை விரட்டிவிட்டு, பேனை விட்டுவைத்திருந்தார்.

தூய தமிழ் எனக்கும் வேண்டும். ஆனால் மொழிபெயர்ப்பவர் ஒருமுறையாவது அந்தச் செடியைக் கையில் எடுத்துப் பார்க்க வேண்டும். ஆங்கிலத்தில் ஐவி என்ற பெயர் ஊர்ப்பட்ட செடிகளுக்கு ஒட்டியிருக்கிறது. பாஸ்டன் ஐவி திராட்சைக் குடும்பம், பாய்சன் ஐவி மாமரக் குடும்பம், டெவில்ஸ் ஐவி என்பது நம் பால்கனிகளில் தொங்கும் மணி பிளான்ட், அது சேம்பின் உறவு. கோவை பூசணிக் குடும்பம். அசல் ஐவி இவை எதிலும் சேராது. அவர்கள் செய்த குழப்பத்தை நாம் தமிழுக்கு இறக்குமதி செய்யத் தேவையில்லை.

என் முடிவு: செடியின் பெயர் 'ஐவிக்கொடி'. நம் மண்ணில் பிறக்காத செடிக்கு வந்த பெயரையே வைப்பதில் குறைவில்லை. ரோஜாவை அப்படித்தான் ஏற்றுக்கொண்டோம். அது எப்படிப்பட்ட கொடி என்று கேட்டால் 'பற்றுக்கொடி' என்று சொல்லலாம். இரண்டையும் ஒன்றாகக் குழப்பாமல் இருந்தால் போதும்.

அக்காவின் தொட்டியை அலமாரிக்குப் பின்னாலிருந்து எடுத்து வடக்கு ஜன்னலுக்கு மாற்றினோம். பேத்தியை மருத்துவரிடம் கூட்டிப் போகச் சொன்னேன். தொட்டியில் ஒரு காகிதம் ஒட்டியிருக்கிறது, அக்காவின் கையெழுத்திலேயே: ஐவிக்கொடி. மருந்துக்கு ஆகாது.