உப்பு ஜாடியும் ஓட்டக்காரியின் பல்லும்

கல்லூரி அணியில் நெடுந்தூர ஓட்டம் ஓடும் மகளைப் பற்றி ஒரு அம்மா கேட்டிருந்தார். “சாக்லேட் பக்கமே போக மாட்டாள் சார். ரெண்டு வேளையும் பல் தேய்க்கிறாள். இருந்தும் ஒரே வருஷத்தில் மூணு பல் சொத்தை. கால்சியம் குறைவா இருக்குமோ? மாத்திரை வாங்கிக் கொடுக்கட்டுமா?”

உங்கள் மகளுக்குத் துணையாக ஒலிம்பிக் வீரர்களே இருக்கிறார்கள் அம்மா. 2012 லண்டன் ஒலிம்பிக்கில், வீரர்கள் தங்கிய கிராமத்துப் பல் மருத்துவப் பிரிவில் 25 விளையாட்டுகளைச் சேர்ந்த 302 பேரைப் பரிசோதித்தார்கள். 55 சதவீதம் பேருக்குச் சொத்தை. 45 சதவீதம் பேருக்கு அமில அரிப்பு. முக்கால்வாசிப் பேருக்கு ஈறு வீக்கம். பல்வலிக்காரர்தானே அங்கே போவார் என்று கேட்டால், நியாயமான கேள்விதான். ஆனால் பின்னர் பிரிட்டனில் 11 விளையாட்டுகளைச் சேர்ந்த 352 வீரர்களைப் பரிசோதித்தபோதும் ஏறக்குறையப் பாதிப் பேருக்குச் சிகிச்சை செய்யாத சொத்தை இருந்தது. அந்த 352 பேரில் 94 சதவீதம் பேர் தினமும் இரண்டு வேளை பல் தேய்ப்பவர்கள்!

பாக்டீரியா சர்க்கரையைத் தின்று அமிலத்தைக் கக்கும், அமிலம் பல்லை அரிக்கும் என்பது பள்ளிப் பாடம். எனக்கு ருசியாகப் படுவது அதற்கு நேர்மாறான கேள்வி: நாள் முழுக்க ஈரத்திலேயே ஊறிக் கிடக்கும் பல் ஏன் கரைந்து போவதில்லை?

மழைக்காலத்தில் கல்லுப்பு ஜாடியைத் திறந்து பாருங்கள். உப்பு நீர்விட்டிருக்கும். அந்த நீருக்குள்ளேயே உப்புக் கற்கள் கரையாமல் கிடக்கும். தண்ணீர் ஏற்கெனவே கொள்ளுமளவு உப்பைக் கரைத்துக்கொண்டுவிட்டது; இனி ஒரு கல்லுக்கும் அதில் இடமில்லை. எச்சிலும் அப்படித்தான். பல்லின் கடினமான மேல்பூச்சான எனாமல், கால்சியமும் பாஸ்பேட்டும் சேர்ந்த படிகம். எச்சிலில் இவ்விரண்டும் கொள்ளளவுக்கு மேலேயே இருக்கின்றன. அப்படியானால் அவை வாயெல்லாம் சுண்ணாம்பாகப் படிய வேண்டுமே? படியவிடாமல் பிடித்துவைக்க ஸ்டாதெரின் என்று ஒரு புரதமும் எச்சிலில் உண்டு. பல் கரையவும் கூடாது, வாய் கல்லாகவும் கூடாது. இந்த இரண்டுக்கும் நடுவில் எச்சில் நிற்கும் நேர்த்தியை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் வியப்புதான்.

அமிலம் வந்ததும் கணக்கு புரள்கிறது. அமிலத்திலுள்ள ஹைட்ரஜன் அயனிகள் பாஸ்பேட்டைத் தம்மோடு இழுத்துக்கொள்கின்றன. நிறைந்திருந்த ஜாடியில் இடம் காலியாகிறது. எனாமல் கரையத் தொடங்குகிறது. அமிலத்தன்மையைக் காட்டும் பிஎச் அளவு (எண் குறையக் குறைய அமிலம் கூடும்) சுமார் 5.5க்குக் கீழே இறங்கும்போது இது நடக்கும். ஓடுகிறவர்கள் பயிற்சியின்போது குடிக்கும் பல விளையாட்டுப் பானங்களின் பிஎச் 3 முதல் 4 வரை. 5.5க்கும் 3க்கும் சின்ன வித்தியாசம் போலத் தெரியும். அமிலத்தன்மையில் அது 300 மடங்கு.

சாதாரண நாளில் எச்சில் இதைச் சமாளித்துவிடும். வாயில் புளிப்புப் பட்டதுமே அது பெருகும். வேகமாகச் சுரக்கும் எச்சிலில், அமிலத்தை முறிக்கும் பைகார்பனேட்டும் கூடுதலாக இருக்கும். அரை மணி, ஒரு மணி நேரத்தில் நிலைமை சீராகி, கரைந்த இடத்தில் தாதுக்கள் மறுபடி படியும்.

ஓடுகிறவருக்கு இந்தக் காவல்தான் குறைந்துபோகிறது. வேர்வையில் நீர் போகிறது, வாயால் மூச்சு வாங்குகிறார், பரபரப்பில் நரம்பு மண்டலமும் சுரப்பைக் குறைக்கிறது. நாக்கு அண்ணத்தில் ஒட்டுகிற அந்த நேரம் பார்த்துத்தான் கால் மணிக்கு ஒருதரம் ஒரு மடக்கு பானம். முதல் மடக்கின் அமிலம் அடங்குமுன் அடுத்தது வந்துவிடுகிறது. ஜெர்மனியின் ஹைடல்பெர்க்கில் 35 டிரையத்லான் (நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றும் சேர்ந்த போட்டி) வீரர்களை ஆராய்ந்தபோது, ஓய்வில் அவர்களுடைய எச்சில் மற்றவர்களுடையதைப் போலவே இருந்தது. உடற்பயிற்சியின்போதுதான் சுரப்பு குறைந்தது. வாரப் பயிற்சி நேரம் கூடக்கூடச் சொத்தையும் கூடியிருந்தது.

லண்டனில் 18 சதவீதம் பேர், வாய்க் கோளாறு தங்கள் பயிற்சியையோ ஆட்டத்தையோ கெடுத்ததாகச் சொன்னார்கள். ஷூவுக்கும் பயிற்சியாளருக்கும் கணக்குப் பார்க்காமல் செலவழிக்கிறவர்கள், வருஷத்துக்கு ஒரு பல் பரிசோதனைக்கு யோசிப்பது எனக்குப் புரிந்ததேயில்லை. நம் பக்கம் இன்னொரு தொல்லையும் உண்டு: பல்லைப் பிடுங்கினால் கண் பார்வை போய்விடும் என்ற பயம். பல்லின் நரம்பு வேறு, பார்வை நரம்பு வேறு. வலியைத் தாங்கிக்கொண்டு ஓட வேண்டியதில்லை.

இனி உங்கள் கேள்விக்கு. ஒரு மணி நேரத்துக்குள் முடியும் பயிற்சிக்குப் பெரும்பாலும் தண்ணீரே போதும். பானம் வேண்டியிருந்தால் வாயில் வைத்துச் சப்பாமல் விழுங்கிவிட்டு, ஒரு வாய்த் தண்ணீரில் கொப்பளிக்கட்டும். குடித்த கையோடு பல் தேய்க்க வேண்டாம். இளகியிருக்கும் எனாமலைப் பிரஷ் தேய்த்தே எடுத்துவிடும். குறைந்தது அரை மணி போகட்டும். கால்சியம் மாத்திரை இதற்கு உதவாது. முளைத்துவிட்ட பல்லின் எனாமலில் உயிரணுவும் கிடையாது, ரத்தக்குழாயும் கிடையாது. மாத்திரையின் கால்சியம் உள்வழியாக அங்கே போய்ச் சேர முடியாது. குழி விழுந்த அந்த மூன்று பல்லையும் எச்சில் இனி அடைக்காது. பல் மருத்துவர்தான் அடைக்க வேண்டும், இந்த வாரமே கூட்டிப் போங்கள்.