கோப்பு இருக்கிறது, தேடலில் இல்லை

விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவை மைக்ரோசொஃப்ட் 2025 ஒக்டோபர் 14உடன் நிறுத்திக்கொண்டது. அதற்கு முன்னும் பின்னுமாக யாழ்ப்பாணத்தில் கடைகள், அச்சகங்கள், ரியூஷன் நிலையங்கள் என்று பல இடங்களில் கணினிகள் விண்டோஸ் 11க்கு மாறின. மாறிய கையோடு அச்சகங்களில் கேட்கிற முறைப்பாடு ஒன்று உண்டு. "அண்ணை, பழைய கல்வெட்டு ஃபைல் பாதியைக் காணேல்லை. அப்கிரேட் அழிச்சுப்போட்டுதோ?"

கல்வெட்டு என்றால் இங்கே, ஒருவர் இறந்து 31ஆம் நாள் வீட்டுக்கிருத்தியத்தில் கொடுக்கும் நினைவு மலர். தேவாரம், வாழ்க்கை வரலாறு, வம்சாவளி எல்லாம் அதில் இருக்கும். ஓர் அச்சகத்தின் டி டிரைவைத் திறந்தால் இப்படியான கோப்புகள் ஆண்டுவாரியாக அடுக்கியிருக்கும். அம்மம்மாவுக்கு அடித்த கல்வெட்டிலிருந்த வம்சாவளியை எடுத்து அம்மாவின் மலரில் சேர்க்க வேண்டும் என்று ஒரு குடும்பம் வந்து நிற்கும். பெயரைத் தட்டினால், போன மாதம் வந்த கோப்பு இன்றைக்கு வராது.

அழிந்திருக்க வாய்ப்பு மிகக் குறைவு. சந்தேகமிருந்தால் தேடலை விட்டுவிட்டு, கோப்புறைகளை ஒவ்வொன்றாகத் திறந்து அந்த ஆண்டுக்குள் போய்க் கண்ணால் பாருங்கள். அநேகமாக அங்கேயே இருக்கும். இருப்பதைத் தேடல் ஏன் சொல்லவில்லை என்பதுதான் விஷயம்.

தேடல் பெட்டியில் ஒரு சொல்லைத் தட்டியதும் கணினி வட்டு முழுவதையும் புரட்டிப் பார்க்கிறது என்றுதான் பலரும் நினைக்கிறோம். அப்படிச் செய்தால் கட்டுப்படியாகாது. சாதாரண ஹார்ட் டிஸ்க் ஒன்று விநாடிக்கு 100 முதல் 150 மெகாபைட் வரை வாசிக்கும். 1 டெராபைட் வட்டை ஒருமுறை முழுதாக வாசிக்கவே கிட்டத்தட்ட இரண்டு முதல் மூன்று மணித்தியாலம் போய்விடும். அதனால் விண்டோஸ் முன்கூட்டியே ஒரு பட்டியலைத் தயாரித்து வைக்கிறது. தடித்த புத்தகத்தின் கடைசியில் வரும் சொல்லடைவைப் போல, எந்தச் சொல் எந்தெந்தக் கோப்பில் வருகிறது என்று தலைகீழாக எழுதிய பட்டியல் அது. இன்டெக்ஸ் என்பது அதைத்தான். தேடும்போது விண்டோஸ் பெரும்பாலும் இந்தப் பட்டியலைத்தான் பார்க்கிறது. கோப்புகளைத் தொடுவதே இல்லை. ஆகவே 'எதுவும் கிடைக்கவில்லை' என்று திரை சொன்னால், பட்டியலில் இல்லை என்று மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

பட்டியலைத் தயாரிக்கிற வேலை பின்னணியில் ஓடும் ஒரு சேவையுடையது. கோப்பு சேமிக்கப்பட்டாலோ பெயர் மாறினாலோ அது வட்டின் மாற்றக் குறிப்பேட்டில் பதிவாகும். இந்தச் சேவை அதைப் பார்த்துப் பட்டியலைத் திருத்திக்கொள்ளும். பெரிய அப்கிரேட் ஒன்றுக்குப் பிறகு பழைய பட்டியல் அப்படியே தொடரும் என்று நம்ப முடியாது. பல சந்தர்ப்பங்களில் அது முதலிலிருந்து எழுதப்படுகிறது. எழுதி முடியும்வரை தேடினால் பாதிப் பட்டியலிலிருந்து பாதி விடைதான் வரும். இதில் கெட்ட பழக்கம் என்னவென்றால், பட்டியல் இன்னும் முடியவில்லை என்பதைத் தேடல் பக்கம் உரத்துச் சொல்வதில்லை. வந்த ஏழு கோப்புகளைப் பார்த்து, இருப்பதே ஏழுதான் என்று நாங்கள் முடிவு கட்டிவிடுகிறோம்.

முடிந்ததா இல்லையா என்று பார்க்க வழி இருக்கிறது. செட்டிங்ஸில் 'பிரைவசி அண்ட் செக்யூரிட்டி' பகுதிக்குள் தேடலுக்கான பக்கம் இருக்கும். பட்டியலில் ஏறிய கோப்புகளின் எண்ணிக்கையும், இன்னும் காத்திருப்பவற்றின் எண்ணிக்கையும் அங்கே தெரியும். முதல் எண் ஏறிக்கொண்டும் இரண்டாவது இறங்கிக்கொண்டும் இருந்தால் வேலை நடக்கிறது, பேசாமல் விடலாம். ஆனால் நீங்கள் கீபோர்டைத் தட்டிக்கொண்டு, பக்கத்தில் வடிவமைப்பு மென்பொருளான கோரல்டிராவும் திறந்து வைத்திருந்தால் அந்தச் சேவை மரியாதையாக ஒதுங்கிக்கொள்ளும். லாப்டொப் பற்றரியில் ஓடினாலும் அப்படித்தான், வேகத்தைக் குறைக்கும் அல்லது நிறுத்தி வைக்கும். கடை பூட்டும்போது மெயின் சுவிட்சையே அணைத்துவிட்டுப் போகிற அச்சகத்தில் இந்த வேலை நாட்கணக்கில் இழுபடுவதற்கு வேறு காரணம் தேவையில்லை. இரண்டு இரவுகள் மின்சாரத்தோடு, ஸ்லீப்புக்குப் போகாமல் விட்டாலே பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும்.

சரி, எண்ணிக்கை நிறைந்துவிட்டது, இன்னும் கோப்பு வரவில்லை என்றால்? அப்போது பட்டியல் எந்த இடங்களைப் பார்க்கிறது என்று பார்க்க வேண்டும். அதே பக்கத்தில் 'கிளாசிக்', 'என்ஹான்ஸ்ட்' என்று இரண்டு முறைகள் உண்டு. கிளாசிக் முறையில் டொக்கியூமென்ட்ஸ், பிக்சர்ஸ், மியூசிக், டெஸ்க்டொப் போன்ற இடங்கள் மட்டும் பட்டியலில் ஏறும். டி டிரைவில் குவித்து வைத்திருக்கும் பத்து வருடக் கல்வெட்டும் கலியாண அழைப்பிதழும் அதன் கண்ணில் படாது. முன்பு யாரோ ஒருவர் டி டிரைவைக் கையால் சேர்த்து வைத்திருப்பார். புதிதாக நிறுவியபோது அந்தத் தெரிவு போய்விட்டிருக்கும். அச்சகக் கணினிகளில் அதிகம் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான். 'இன்டெக்சிங் ஒப்ஷன்ஸ்' பெட்டியைத் திறந்து, 'மொடிஃபை' அழுத்தி, அந்தக் கோப்புறைக்குச் சரி போட்டால் போதும். என்ஹான்ஸ்ட் முறைக்கு மாற்றினால் கணினி முழுவதும் ஏறும்தான், ஆனால் பழைய இயந்திரத்தில் அது மூச்சுத் திணறும். தேவையான கோப்புறையை மட்டும் சேர்ப்பதே என் தெரிவு.

பட்டியலில் இல்லாத இடத்துக்குள் போய் நின்று தேடினால் விண்டோஸ் நேரடியாக ஒவ்வொரு கோப்பாகப் பார்க்கும், மெதுவாக. அப்போதும் வழமையாகப் பெயரை மட்டுமே பார்க்கும். உள்ளே எழுதியிருப்பதைப் பார்க்காது. ஃபோல்டர் ஒப்ஷன்ஸில் 'சேர்ச்' பக்கத்தில் உள்ளடக்கத்தையும் பார் என்ற தெரிவைப் போட்டுக்கொடுத்தால்தான் பார்க்கும். 'பெயரால் தேடினால் வருகிறது, உள்ளே இருக்கிற சொல்லால் தேடினால் வரவில்லை' என்பவர்கள் இங்கேயிருந்து தொடங்கலாம்.

உள்ளடக்கத்தை வாசிப்பதற்கும் ஒவ்வொரு கோப்பு வகைக்கும் தனித்தனி வடிகட்டி வேண்டும். வேர்ட், பிடிஎஃப் போன்றவற்றுக்கு விண்டோஸிலேயே உண்டு. பழைய பக்க வடிவமைப்பு மென்பொருளான பேஜ்மேக்கரின் கோப்புக்கு இல்லை. ஆகவே பெயர் மட்டும்தான் ஏறும். ஸ்கான் செய்த பிடிஎஃப் வெறும் படம், அதில் வாசிக்க எழுத்தே கிடையாது. மைக்ரோசொஃப்டின் இணையச் சேமிப்பான ஒன்டிரைவில் மட்டும், கணினியில் இறங்காமல் கிடக்கும் கோப்புக்கும் இதே கதி: பெயர் தெரியும், தரவிறக்கும்வரை உள்ளே இருப்பது தெரியாது.

இனி வருவது அப்கிரேட்டால் உண்டாகாத, ஆனால் அப்கிரேட்டுக்குப் பிறகே கண்ணில் படுகிற சிக்கல். புதிய கணினியில் யூனிகோட் (தமிழ் எழுத்தைத் தமிழ் எழுத்தாகவே சேமிக்கும் பொதுமுறை) தட்டச்சைப் போட்டுக்கொடுத்ததும், தேடல் பெட்டியில் தமிழிலேயே தேடலாமே என்று ஆசை வரும். தேடினால் பழைய கோப்பு ஒன்றும் வராது. காரணம், அவை பாமினியில் அடித்தவை.

பாமினி எழுத்துரு செய்வது ஒரு வேஷம். ஆங்கில எழுத்துகளின் உருவத்தை எடுத்துவிட்டு அந்த இடத்தில் தமிழ் உருவத்தை வைத்திருக்கிறது. கோப்புக்குள் இருப்பது ஆங்கில எழுத்துதான். 'யாழ்ப்பாணம்' என்று திரையில் தெரிவது உள்ளே ஏ, எச், ஓ, அரைப்புள்ளி, ஜி, அரைப்புள்ளி, ஜி, எச், இசட், கே, அரைப்புள்ளி என்று கிடக்கிறது. மெய்யெழுத்தின் புள்ளிக்குப் பாமினி பிடித்துக்கொண்ட விசை அரைப்புள்ளி. பட்டியல் எழுதும் சேவைக்கு அரைப்புள்ளி என்பது சொல் முடிகிற இடம். அதனால் ஒரே சொல்லான யாழ்ப்பாணம் மூன்று துண்டுகளாகச் சிதைந்து பட்டியலில் ஏறுகிறது. போதாததற்கு, பாமினியில் பெரிய கே 'மு', சின்ன கே 'ம'. தேடலோ பெரிய எழுத்து, சின்ன எழுத்து என்ற வித்தியாசத்தைப் பார்க்காது. முருகனும் மரகனும் அதற்கு ஒருவரே.

இதற்கு ஒரு குறுக்குவழி உண்டு. கீபோர்டை ஆங்கிலத்துக்கு மாற்றி, பாமினியில் அடிப்பது போலவே பெயரைத் தேடல் பெட்டியில் அடியுங்கள். பார்க்கக் குப்பை போல இருக்கும், பரவாயில்லை. அதை இரட்டை மேற்கோளுக்குள் போட்டுத் தேடினால், துண்டுகள் அதே வரிசையில் வரும் கோப்புகள் அகப்படும். கோப்பைத் திறக்கும்போதும் குப்பையாகவே தெரிந்தால் பதற வேண்டாம். புதிய விண்டோஸில் பாமினி எழுத்துருவை யாரும் நிறுவவில்லை என்று அர்த்தம். கெட்டுப்போன கோப்பு என்று அழித்துவிட்டால்தான் உண்மையிலேயே போய்விடும்.

யூனிகோடில் அடித்தவையும் முழுக்கச் சுத்தமில்லை. 'கௌரி'யையும் 'கெளரி'யையும் அருகருகே வைத்தால் கண்ணுக்கு ஏறத்தாழ ஒன்று. கணினிக்கு முதலாவது ஔகாரக் குறி சேர்ந்த ககரம். இரண்டாவது 'கெ' என்பதற்குப் பக்கத்தில் தனி 'ள'. அடித்தவர் எதை அடித்தாரோ அதைத் தேடினால்தான் வரும். 'ஸ்ரீ'யும் அப்படியே: 2005இல் யூனிகோடில் 'ஶ' சேர்ந்தபின் அதை வைத்தும் அடிக்கலாம், 'ஸ'வை வைத்தும் அடிக்கலாம், உருவம் ஒன்றாகவே தெரியும். ஸ்ரீ என்று தொடங்கும் பெயர்கள் எங்கள் ஊரில் எத்தனை என்று சொல்லத் தேவையில்லை.

தேடல், சொல்லின் தொடக்கத்தைத்தான் ஒப்பிடும் என்பதையும் மனதில் வைக்கலாம். 'நாதன்' என்று அடித்தால் 'விசுவநாதன்' வருவதை எதிர்பார்க்கக் கூடாது. 'கோயில்' என்பதன் கடைசிப் புள்ளியும் ஓர் எழுத்துக் குறிதான். 'கோயிலில்', 'கோயிலுக்கு' ஆகியவற்றில் அந்தப் புள்ளி இல்லை. ஆகவே புள்ளியை விட்டுவிட்டு 'கோயில' வரை அடித்துத் தேடுவது நல்லது. எல்லாத் திரிபும் சேர்ந்து வரும்.

அப்பிளின் மெக் கணினி வைத்திருப்பவர்களுக்கும் கதை அதிகம் மாறாது. அதில் 2005இல் வந்த ஸ்பொட்லைட் என்ற தேடலும் பட்டியல் வைத்துத்தான் தேடுகிறது. அதன் செட்டிங்ஸில் தேட வேண்டாத இடங்களுக்கென்று ஒரு பட்டியல் இருக்கிறது. அதில் அந்த டிரைவைச் சேர்த்து, அப்புறம் எடுத்துவிட்டால் அது முதலிலிருந்து எழுதத் தொடங்கும்.

விண்டோஸில் அதற்கு இணையானது 'இன்டெக்சிங் ஒப்ஷன்ஸ்', 'அட்வான்ஸ்ட்', 'ரீபில்ட்'. கணினி திருத்துகிறவர்களில் பலர் எடுத்த எடுப்பிலேயே இதைத்தான் அழுத்துவார்கள். டி டிரைவைச் சேர்க்காமல் அழுத்தினால், அதே குறைப் பட்டியல் இன்னொரு முறை எழுதப்படும், அவ்வளவுதான். இடங்களையும் வகைகளையும் சரிபார்த்தபின், காத்திருப்பு எண் நாட்கணக்கில் அசையாமல் நின்றால் அழுத்தலாம். திடீர் மின்வெட்டில் பட்டியல் பழுதாகியிருந்தாலும் இதுவே வழி.

அவசரம், பெயர் மட்டும் தெரிந்தால் போதும் என்பவர்கள் 'எவ்ரிதிங்' என்ற சிறிய இலவச மென்பொருளைப் பாவித்துப் பார்க்கலாம். அது விண்டோஸின் பட்டியலை நம்புவதில்லை. என்டிஎஃப்எஸ் (விண்டோஸ் வழமையாகப் பாவிக்கும் சேமிப்பு முறை) வட்டின் கோப்பு அட்டவணையையே நேராக வாசித்து, தட்டத் தட்டப் பெயர்களைக் காட்டும். எவ்ரிதிங் காட்டுகிறது, விண்டோஸ் காட்டவில்லை என்றால் கோளாறு பட்டியலில் என்று உறுதியாகிவிடும்.

எவ்ரிதிங்கும் காட்டாவிட்டால்தான் கவலைப்பட வேண்டும், அதுவும் உடனே. எதையெல்லாம் வைத்திருக்க வேண்டும் என்று கேட்கும் இடத்தில் அப்கிரேட் செய்தவர் 'ஒன்றும் வேண்டாம்' என்ற தெரிவைக் கொடுத்திருந்தால், சி டிரைவில் இருந்த டெஸ்க்டொப், டொக்கியூமென்ட்ஸ் கோப்புகள் 'விண்டோஸ் டொட் ஓல்ட்' என்ற கோப்புறைக்குள், 'யூசர்ஸ்' என்பதன் கீழ் போயிருக்கும். பழைய கணக்கின் அனுமதியோடு இருப்பதால் திறக்கும்போது நிர்வாகி அனுமதி கேட்கலாம். அந்தக் கோப்புறையைப் பத்து நாட்களுக்குப் பிறகு விண்டோஸ் தானாக நீக்கிவிடும். அதற்குள் வேண்டியதை டி டிரைவுக்கோ வெளி வட்டுக்கோ பிரதி எடுத்துவிட வேண்டும். இடம் காணாது என்று 'டிஸ்க் கிளீனப்' ஓட்டுவதை அதுவரை ஒத்திவையுங்கள்.