கல்யாணப் படத்திலிருந்து ஒரு வீடு

சென்ற வருடம் கனடாவிலிருந்து ஒருவர் வட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினார். பெற்றோரின் கல்யாணப் படம், கறுப்பு வெள்ளை. மாப்பிள்ளையும் பொம்பிளையும் தலைவாசலில் நிற்கிறார்கள். பின்னால் ஒரு கதவு. ஓரத்தில் ஒரு சாய்மனைக் கதிரையின் ஒற்றைக் கை மட்டும் தெரிகிறது. "இந்த வீட்டை அப்படியே கட்டித் தர ஏலுமோ? கதிரையும் வேணும்." வீடு முள்ளியவளைப் பக்கம் இருந்ததாம். 2009-இல் போர் முடிந்த பிறகு அந்தக் காணியில் மிஞ்சியது கிணறும் பற்றையும்தான்.

கிளிநொச்சியில் இருந்து வீட்டுப் பிளான் வரைவது என் தொழில். இப்படிக் கேட்டு வருபவர்கள் கூடிக்கொண்டே போகிறார்கள். எல்லோரிடமும் நான் முதலில் கேட்பது ஒன்றுதான்: அளவு இருக்கிறதா?

அளவு இருந்தால் என்ன நடக்கும் என்பதற்கு நம் நாட்டிலேயே ஒரு வீடு இருக்கிறது. கட்டடக்கலைஞர் ஜெப்ரி பாவா 1960–62 காலத்தில் கொழும்பு கொள்ளுப்பிட்டியில் பத்திக் (batik) துணிக் கலைஞர் எனா டி சில்வாவுக்குக் கட்டிய வீடு. நடுவில் முற்றம், சுற்றிவரத் தாழ்வாரம், மேலே ஓடு, தெருவுக்கு மதில். நாற்சார் வீட்டில் வளர்ந்த யாருக்கும் அது அந்நியமாகத் தெரியாது. காணி கைமாறி வீடு இடிபடப்போகிற நிலை வந்தபோது, பாவா அறக்கட்டளை அதைத் துண்டுக்குத் துண்டு பிரித்து, இலக்கமிட்டு, பெந்தோட்டைக்குப் பக்கத்திலுள்ள பாவாவின் லுணுகங்கைத் தோட்டத்துக்குக் கொண்டுபோய்த் திரும்பக் கட்டியது. வேலை முடியப் பல வருடங்கள் எடுத்தன.

அந்த வீடு பிரிபட்ட ஏறத்தாழ அதே 2009 காலத்தில்தான், போருக்குள், நாங்களும் வீடுகளைப் பிரித்தோம். ஓட்டைக் கழற்றி, கதவையும் நிலையையும் கிளப்பி, டிராக்டரில் ஏற்றி, ஊர் ஊராகக் கொண்டுபோய், கடைசியில் பங்கருக்கு மேலே போட்டோம். இலக்கம் போடவில்லை. போடக்கூடிய நேரமா அது.

பெரிய பெயர் இருந்தால் கட்டடம் தப்பிவிடும் என்றும் இல்லை. 1948-இல் பிரித்தானிய கட்டடக்கலைஞர் நிறுவனத்தில் இணைந்த முதல் ஆசியப் பெண் மினெட் டி சில்வா. கண்டியில் அவர் வாழ்ந்த வீடே பாழடைந்து போனது. இன்று அவருடைய வேலைகளைப் படிக்க முடிகிறதென்றால், தன் வரைபடங்களையும் படங்களையும் அவரே சேர்த்து வைத்ததுதான் பெரிய காரணம்.

சரி, கையில் வரைபடம் இல்லை. அப்புறம் என்ன செய்வது? ஜெர்மன் கட்டடக்கலைஞர் மீஸ் வான் டெர் ரோ 1929-இல் பார்சலோனாக் கண்காட்சிக்குக் கட்டிய மண்டபத்தை அடுத்த வருடமே பிரித்துவிட்டார்கள். 1983-க்கும் 1986-க்கும் இடையில் அதே இடத்தில் அதைத் திரும்பக் கட்டினார்கள். அதற்கு உதவியவை மிஞ்சிய வரைபடங்களும் கறுப்பு வெள்ளைப் படங்களும், தோண்டியபோது தென்பட்ட பழைய அத்திவாரத்தின் எச்சமும்.

முள்ளியவளையிலும் தோண்டத்தான் செய்தோம். கண்ணிவெடி அகற்றிய காணிதானா என்று கேட்டு உறுதிப்படுத்தாமல் யாரும் மண்வெட்டியைத் தொட வேண்டாம். அதில் அவசரம் கூடாது. அரையடி ஆழத்தில் அத்திவாரக் கல் தட்டுப்பட்டது. நாலு மூலையும் கிடைத்தன. மூலைவிட்டம் இரண்டையும் அளந்தால் நாலு அங்குல வித்தியாசம். பழைய மேசன் கண்ணால் சதுரம் பிடித்திருக்கிறார். அந்தக் கோணலையும் அப்படியே வரைந்தேன். அதைத் திருத்தினால் அது அவர்களுடைய வீடில்லை.

கதிரைதான் என்னை அதிகம் அலைக்கழித்தது. படத்தில் இருப்பது ஒரு கை. ஒட்டுசுட்டானில் ஒரு வீட்டில் அதே காலத்துச் சாய்மனைக் கதிரை ஒன்று தப்பியிருந்தது. அதிலிருந்து கையின் வளைவையும் முதுகின் சாய்வையும் எடுத்தோம். ஆனால் இருக்கையின் உயரம் வீட்டுக்கு வீடு மாறும், இருப்பவரைப் பார்த்துத்தானே ஆசாரியார் செய்வார். படம் அனுப்பிய மகனோடு வந்திருந்த அம்மாவுக்கு எண்பது தாண்டிவிட்டது. பேச்சோடு பேச்சாகச் சொன்னார்: "அவர் அதில சாய்ஞ்சு கிடந்தா, அரைச்சுவருக்கு மேலால கிணத்துக்கட்டு தெரியும், பிள்ளை. ஆர் தண்ணி அள்ளினாலும் கிடந்தபடியே கதைப்பார்."

எனக்கு அந்த ஒரு வசனம் போதும். கிணற்றுக்கட்டு இன்னும் நிற்கிறது. கல்லை அடுக்கிப் பலகை போட்டு, "இவ்வளவா, இன்னும் கொஞ்சமா" என்று அம்மாவைக் கேட்டுக் கேட்டு இருக்கையின் உயரத்தைப் பிடித்தோம். அங்கே சாய்ந்தவரின் கண்ணிலிருந்து கிணற்றுக்கட்டுக்கு ஒரு நூல் கட்டினோம். அரைச்சுவர் அந்த நூலுக்கு மேலே போயிருக்க முடியாது. மரம் முதிரைதான் வேண்டும் என்றார்கள். அதை ஏற்றி இறக்க அனுமதிப்பத்திரம் எடுக்க நாங்கள் ஓடிய ஓட்டம் தனிக்கதை.

இடையில் ஒன்று. "பாவா ஸ்டைலில்" வீடு வேண்டும் என்று போனில் படம் காட்டுபவர்களும் வருகிறார்கள். லுணுகங்கை ஈரவலயம், தென்மேற்குப் பருவமழை கொட்டுகிற இடம். நமக்கு மழை வாடையோடு வரும், மாரி நாலு மாதம். மற்றப்படி வெயில், சோளகம், புழுதி. கூரையின் இறப்பை எந்தப் பக்கம் நீட்டுவது என்பதை அதுதான் தீர்மானிக்கும். தூணையும் முற்றத்தையும் மட்டும் பிரதி எடுத்தால் வன்னியில் வெக்கையான ஒரு படம்தான் கிடைக்கும்.

இப்போது உங்கள் வீட்டுக்கு வருகிறேன். போருக்குத் தப்பிய பழைய வீடுகளை இன்று நாமே இடிக்கிறோம். இடியுங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை. கறையான் தின்ற கூரைக்குக் கீழே யாரும் படுக்க முடியாது. ஆனால் அதற்கு முதல் ஒரு நாள் ஒதுக்குங்கள். சுவருக்கு நேரே நின்று படம் எடுங்கள், சரிவாக எடுக்காதீர்கள். சுவரில் ஒரு அடிமட்டத்தைச் சாத்தி வைத்து எடுங்கள். நீள அகலத்தை எல்லோரும் அளப்பார்கள், உயரத்தை விட்டுவிடுவார்கள்: தரையிலிருந்து யன்னலடி, நிலை, சுவர்த்தலை, முகடு, இறப்பின் நுனி. சுவரின் தடிப்பையும் எழுதுங்கள். கதிரை, வாங்கு, அலுமாரி என்றால் பொருத்து எப்படி என்று கவிழ்த்துப் பார்த்துப் படம் எடுங்கள். எழுதிய தாளில் ஒரு பிரதி இங்கே, ஒன்று வெளிநாட்டிலிருக்கும் பிள்ளையிடம்.

அடிமட்டம் ஏன் சுவரில் என்பதை என் பிழையிலிருந்து சொல்கிறேன். கல்யாணப் படத்தில் கதவின் உயரத்தை மாப்பிள்ளையின் உயரத்தோடு ஒப்பிட்டுக் கணக்குப் பார்த்தேன். அவர் கதவோடு நிற்கவில்லை, ஐந்தாறு அடி முன்னால், கமெராவுக்குக் கிட்ட நின்றார். கிட்ட நிற்பவர் பெரிதாகத் தெரிவார், பின்னாலிருக்கும் கதவு சிறுக்கும். இது முதலாம் வருடப் பாடம். நிலை வைத்து மேலே சுவரும் கட்டி முடிந்த பிறகு அம்மா வந்து வாசலில் நின்று, மேலே ஒருதரம் பார்த்தார்.

"அவர் இந்த வாசலால குனிஞ்சு வந்ததில்லையே, பிள்ளை."

ஏழு அங்குலம் கட்டை. லிண்டலை உடைத்து, நிலையைக் கழற்றி, புதிதாகச் செய்தோம். செலவு என்னுடையது.