4.00 எடுத்தால் போதுமா? பல்கலைக்கழக மெரிட் புள்ளியின் கணக்கு

மலேசியாவின் சிலாங்கூரில் இருக்கும் எங்கள் ஊர் பத்தாங் பெர்ஜுந்தை, 'பெஸ்தாரி ஜெயா' ஆகி வருடங்கள் ஓடிவிட்டன. எங்கள் வாயில் இன்னும் பழைய பெயர்தான் வருகிறது. ஆறாம் படிவத் தேர்வான எஸ்.டி.பி.எம். முடிவு வந்த வாரம் இங்கே ஒரு சாப்பாட்டுக் கடையில் தோட்டத்து அக்கா ஒருவர் கைப்பேசியை என் முன்னால் நீட்டினார். "மூணு ஏ, ஒரு ஏ மைனஸ் தம்பி. மலாயா யுனிவர்சிட்டில மருத்துவம் கெடச்சிடும்ல?"

"கோகோ எவ்வளவுக்கா?" என்றேன். அவர் மகளைப் பார்த்தார். மகள் தரையைப் பார்த்தாள்.

அரசாங்கப் பல்கலைக்கழகங்களுக்கு யூ.பி.யூ. என்ற பொது விண்ணப்ப முறை வழியாக விண்ணப்பிக்கும்போது, ஒவ்வொருவருக்கும் 100-க்கு ஒரு மெரிட் புள்ளி உண்டு. அதில் 90 படிப்புக்கு. மீதி 10 கோகோவுக்கு, அதாவது புறப்பாட நடவடிக்கைக்கு. படிப்புக்கான புள்ளியை நீங்களே போட்டுப் பார்க்கலாம்: பி.என்.ஜி.கே., அதாவது எல்லாப் பாடங்களின் தரப்புள்ளிச் சராசரியை 4-ஆல் வகுத்து 90-ஆல் பெருக்க வேண்டும், அவ்வளவுதான். நான்கு பாடத்திலும் ஏ என்றால் 4.00, அதற்கு முழு 90. ஒரு பாடம் ஏ மைனஸ் ஆகிவிட்டால் 3.92; புள்ளி 88.2.

இப்போது கோகோவைச் சேருங்கள். 4.00 எடுத்த பிள்ளைக்கு கோகோவில் 6.5 என்றால் மொத்தம் 96.5. 3.92 எடுத்த பிள்ளைக்கு 9 இருந்தால் 97.2. ஆக, ஒரு ஏ குறைந்த பிள்ளைதான் வரிசையில் முன்னால் நிற்கும். டியூஷனுக்குச் செலவழிப்பதில் நம் பெற்றோரைக் குறை சொல்ல முடியாது. கோகோவை மட்டும் ஏனோ விளையாட்டாகவே நினைக்கிறார்கள்.

சீருடை இயக்கம், கழகம், விளையாட்டு ஆகியவற்றில் வருகை, வகித்த பொறுப்பு, எந்த நிலை வரை போட்டிக்குப் போனார்கள் என்பதையெல்லாம் வைத்துத்தான் அந்தப் புள்ளி விழுகிறது. பள்ளி அளவில் நிற்பதற்கும் மாநில அளவுக்குப் போவதற்கும் நல்ல வித்தியாசம் உண்டு. தோட்டத்துப் பிள்ளைகளுக்கு இடைஞ்சல் வருவது பஸ்ஸில். மதியம் பள்ளி பஸ்ஸை விட்டால் வீட்டுக்கு வர வேறு வழி இல்லை, கோகோவோ மாலையில். நாலு பெற்றோர் சேர்ந்து முறைபோட்டு காரில் ஏற்றி வருவதைப் பார்த்திருக்கிறேன். அதுவும் கல்விச் செலவுதான்.

சரி, 97 இருந்தால் கேட்டது கிடைத்துவிடுமா? அதுவும் இல்லை. மருத்துவம் போன்ற துறைகளுக்கு நேர்முகத் தேர்வும் இருக்கிறது. கணக்கியலிலும் போட்டி கடுமை: 2025-இல் 4.00 வாங்கிய ஒரு மாணவருக்கு மலாயாப் பல்கலைக்கழகத்தில் அந்தத் துறை கிடைக்காமல் போனது பெரிய பேச்சானது. முழுப் புள்ளிக்காரர்கள் கூட்டமாக ஒரே வாசலில் நின்றால் எல்லாருக்கும் நாற்காலி ஏது?

அதனால்தான் விண்ணப்பத்தில் உள்ள 12 விருப்பத் துறைகளையும் யோசித்து நிரப்பச் சொல்கிறேன். யூ.பி.யூ. வழிகாட்டியில் ஒவ்வொரு துறைக்கும் சராசரி மெரிட் போட்டிருக்கும். அது சராசரி, அதற்குக் கீழே இருந்தும் சிலர் உள்ளே போயிருப்பார்கள். பார்த்ததும் மிரண்டு ஓட வேண்டாம்.

ஐந்தாம் படிவத் தேர்வான எஸ்.பி.எம். முடித்து இப்போதுதான் யோசிப்பவர்களுக்கு: பல்கலைக்கழகத்துக்கு முந்தைய படிப்பில் மெட்ரிகுலேஷன் ஓராண்டு, எஸ்.டி.பி.எம். எழுதும் ஆறாம் படிவம் ஏறக்குறைய ஒன்றரை ஆண்டு. எஸ்.பி.எம்.மில் 10 ஏ எடுத்தால் எந்த இனமானாலும் மெட்ரிகுலேஷனில் இடம் என்று 2024-இல் அரசு அறிவித்தது. அதில் ஏ மைனஸ் சேருமா என்று 2025-இல் சர்ச்சை கிளம்பியது. எனவே விண்ணப்பிக்கும் ஆண்டின் அறிவிப்பைப் படித்துவிடுங்கள். எந்த வழியில் போனாலும் எஸ்.பி.எம். மலாய்மொழியில் கிரெடிட் வேண்டும். வரலாற்றில் தேர்ச்சியும் வேண்டும்.

கடையில் பார்த்த அக்காவின் மகள் அப்புறம் பையைத் துழாவி, மடித்து வைத்திருந்த கோகோத் தாளை எடுத்தாள். 8.2. கடை ரசீதின் பின்பக்கத்தில் கூட்டினோம்: 96.4. மருத்துவத்தை முதல் இரண்டு இடத்தில் எழுதினாள். மூன்றாவதாக மருந்தியல் போடலாமா என்று அம்மாவும் மகளும் பேச ஆரம்பித்தார்கள். என் தே தாரிக் ஆறிப்போயிருந்தது.