கிரீன் டீ வகைகள்: வாணலியா, ஆவியா, நிழலா?

பறித்த தேயிலை கூடையில் கிடக்கும்போதே மாறத் தொடங்கிவிடும். கசங்கிய இடத்தில் செல்கள் உடைய, அதுவரை தனித்தனியே இருந்த, துவர்ப்பு தரும் கேட்டகின்களும் பாலிபீனால் ஆக்சிடேஸ் என்ற நொதியும் கலக்கின்றன. ஆக்சிஜன் சேர்ந்ததும் இலை பழுப்பாகிறது. நறுக்கி வைத்த வாழைக்காய் கறுப்பதும் இப்படித்தான். இதை முழுதாக நடக்கவிட்டால் நாம் பாலில் கலக்கும் கறுப்புத் தேயிலை; பறித்த கையோடு நொதியைச் சூட்டால் முடக்கினால் கிரீன் டீ. அந்தச் சூட்டை எப்படிக் கொடுத்தார்கள், அதற்கு முன் செடி வெயிலில் நின்றதா நிழலில் நின்றதா என்பதுதான் இதன் வகைகளைப் பெரிதும் பிரிக்கிறது.

சீனாவில் பெரும்பாலும் வாணலிச் சூடு. ஹாங்சோ நகரின் மேற்கு ஏரியை ஒட்டிய குன்றுகளில் விளையும் லோங்ஜிங் அதில் பெயர்பெற்றது. ஏப்ரல் 5 வாக்கில் வரும் சிங்மிங் நாளுக்கு முன் பறித்த கொழுந்துக்கே விலை அதிகம். கொழுந்தைச் சில மணி நேரம் பரப்பி லேசாக வாடவிட்டு, சூடான வாணலியில் வெறுங்கையால் அள்ளி, உதறி, வாணலியோடு அழுத்துகிறார்கள். இலை தட்டையாவது அந்த அழுத்தத்தால்தான். பிறகு ஆறவிட்டு, நடுநரம்பின் ஈரம் இலை முழுதும் பரவியதும் இரண்டாம் வறுப்பு. காய்ந்த சூட்டில் சர்க்கரையும் அமினோ அமிலங்களும் வினைபுரிந்து பைரசின்கள் என்ற மணப்பொருள்கள் உண்டாகும். வறுத்த கொட்டை வாசம் அங்கிருந்து வருகிறது.

முதல் சில நிமிடங்களில்தான் தவறு நேரும். சூடு போதாவிட்டால் நொதி முடங்குவதற்குப் பதில் சுறுசுறுப்பாகிவிடும். 40 டிகிரி செல்சியஸை ஒட்டிய வெதுவெதுப்பு அதற்கு வெகு தோது. காம்பும் நரம்பும் சிவந்துபோகும், பிறகு எவ்வளவு வறுத்தாலும் அந்தச் சிவப்பு போகாது. சூடு மிஞ்சினால் ஓரம் கருகும், காம்புக்குள் ஈரம் அப்படியே நிற்கும்.

ஜப்பானில் ஆவி. ஒரு கிராம் நீராவி இலைமேல் நீராகப் படியும்போது ஏறக்குறைய 540 கலோரி வெப்பத்தைக் கொட்டுவதால், நொதி வினாடிக் கணக்கில் முடங்கிவிடுகிறது. பச்சையமும் அதிகம் சிதையாது. கீரையை மூடிபோட்டு நெடுநேரம் வேகவைத்தால் நிறம் மங்குவதும், சட்டென்று வதக்கி இறக்கினால் பச்சை நிற்பதும் இதே கணக்குத்தான். உஜியை அடுத்த யுயாதானியின் நாகதானி சோயென் 1738இல் உருவாக்கிய முறையே, ஜப்பானியர் அன்றாடம் குடிக்கும் இன்றைய சென்ச்சாவுக்கு அடிப்படை: இளங்கொழுந்தை ஆவியில் வேகவைத்து, சூட்டில் உலர்த்திக்கொண்டே உருட்டுவது. உருட்டும்போது செல்கள் உடைவதால் சென்ச்சா ஒரே நிமிடத்தில் சாறு இறங்கும். வழக்கமான ஆவி நேரம் 30–40 வினாடி. அதை ஒரு நிமிடத்துக்கு மேல் நீட்டினால் ஃபுகாமுஷி: இலை குழைந்து பொடியும், சாறு கலங்கலாக, துவர்ப்புக் குறைந்து இருக்கும். கலங்கலைப் பார்த்து மட்டச் சரக்கு என்று ஒதுக்கிவிட வேண்டாம்.

நிழல் விஷயம்தான் எனக்கு இதில் மிக அழகானது. இலையின் இனிப்பான, நாவில் தங்கும் சுவைக்குக் காரணமான ‘தியனின்’ என்ற அமினோ அமிலம் வேரில் உருவாகி இலைக்கு ஏறுகிறது. வெயில் பட்டால் அது சிதைந்து, துவர்க்கும் கேட்டகின்கள் பெருகும். பறிப்பதற்கு முன் சுமார் 20 நாள் செடியை மூடி வைத்தால் தியனின் தங்கும். மங்கிய ஒளியைப் பிடிக்க இலை பச்சையத்தையும் கூட்டிக்கொள்ளும். இப்படி வருவது கியோக்குரோ. 1950இல் தியனினைப் பிரித்தெடுத்ததே இந்த இலையிலிருந்துதான். இதன் கடற்பாசி வாசத்துக்கு டைமெத்தில் சல்ஃபைடு காரணம். மாச்சாவும் நிழல் இலைதான். ஆனால் உருட்டாமல் உலர்த்தி, காம்பும் நரம்பும் நீக்கி, கல் எந்திரத்தில் மணிக்குச் சுமார் 40 கிராம் என்ற வேகத்தில் அரைப்பார்கள். வேகம் கூடினால் கல் சூடேறி மணம் போய்விடும். எந்தக் கிரீன் டீயையும் மிக்ஸியில் பொடித்தால் மாச்சா ஆகிவிடாது.

சீனாவின் சூஜோ பக்கத்து பிலுவோசுன் சுருண்டு, வெண்மயிரோடு இருக்கும்; முதலில் தண்ணீர், அதன்மேல் இலை என்று போட வேண்டும். ஆன்ஜி பாய்ச்சா பெயரில்தான் வெள்ளை. வசந்தக் குளிரில் கொழுந்து வெளுத்துப்போகும் செடியின் கிரீன் டீ அது. ஜப்பானின் ஹோஜிச்சா, முடித்த கிரீன் டீயை மீண்டும் வறுத்தது, துவர்ப்பு குறைவு.

இனி அடுப்படி. தியனின் குறைந்த சூட்டிலேயே கரையும். துவர்ப்புக் கேட்டகின்களும் கஃபீனும் இறங்கச் சூடு வேண்டும். எனவே கியோக்குரோவுக்கு 5 கிராம் இலை, 60 மில்லி தண்ணீர், 50–60 டிகிரி, 2 நிமிடம். சென்ச்சாவுக்கு 4 கிராம், 180 மில்லி, 70–80 டிகிரி, 1 நிமிடம். ஃபுகாமுஷியானால் 40 வினாடி போதும். லோங்ஜிங் உருட்டப்படாததால் மெதுவாக இறங்கும்: 3 கிராமுக்கு 150 மில்லி, 80–85 டிகிரி, 2 நிமிடம். ஹோஜிச்சாவுக்குக் கொதிநீரே ஊற்றலாம், 30 வினாடி. வெப்பமானி இல்லாவிட்டால், கொதித்த தண்ணீரை ஒரு கோப்பையிலிருந்து இன்னொன்றுக்கு மாற்ற மாற்ற, ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய 10 டிகிரி இறங்கும். கடைசிச் சொட்டுவரை வடித்துவிடுங்கள். இலை ஊறிய பாத்திரத்தில் தேங்கிய நீர் இலையைத் தொடர்ந்து கரைத்து, இரண்டாம் ஊற்றைக் கசப்பாக்கும்.

இத்தனை செய்தும் சாறு மங்கி, மேலே ஆடை படிந்தால் தண்ணீரைச் சந்தேகிக்க வேண்டும். போர்வெல் நீரின் கால்சியம் சுவையை அமுக்கிவிடும், வடிகட்டிய மென்னீர் நல்லது. பொட்டலத்தைப் பிரிட்ஜில் வைத்திருந்தால் எடுத்தவுடன் பிரிக்காமல், அறைச் சூட்டுக்கு வந்தபின் பிரியுங்கள். இல்லாவிட்டால் குளிர்ந்த இலைமேல் காற்றின் ஈரம் படிந்து, ஒரே வாரத்தில் பழைய வைக்கோல் வாடை வந்துவிடும்.