பீம் குறைந்தால் எங்கே பார்ப்பது? டேண்டம் முடுக்கியின் அன்றாட இயக்கம்

கனஅயனி முடுக்கியை இயக்குபவருக்கு நாள்தோறும் எழும் கேள்வி ஒன்றுதான்: மூலத்திலிருந்து புறப்பட்ட அயனிகளில் எவ்வளவு இலக்கை அடைகிறது, மீதி எங்கே தொலைகிறது? பீம் (அயனிக் கற்றை) குறைந்ததும் கைக்கு எட்டிய அமைப்பை எல்லாம் திருகத் தொடங்கினால், சரியாக இருந்ததும் கெட்டுப்போகும். தொடக்கத்திலிருந்து ஒவ்வொரு ஃபாரடே கப்பாக (பீமைப் பிடித்து மின்னோட்டத்தை அளக்கும் கிண்ணம்) இறக்கி, மின்னோட்டத்தைப் பார்த்துக்கொண்டே வருவதுதான் நேர்வழி.

ஒரே மின்னழுத்தத்தால் அயனியை இருமுறை முடுக்குவது டேண்டம் முடுக்கி. 10 மெகாவோல்ட்டில் ஓடும் அத்தகைய முடுக்கியில் ஆக்சிஜன் பீம் என்று வைத்துக்கொள்வோம். எதிர்மின் அயனி நேர்மின்னழுத்தம் கொண்ட டெர்மினலை (முடுக்கியின் நடுவிலுள்ள மின்முனை) நோக்கி இழுக்கப்பட்டு 10 மெகா எலக்ட்ரான்வோல்ட் ஆற்றல் பெறுகிறது. அங்கே சுமார் 25 நானோமீட்டர் தடிமனுள்ள கார்பன் படலம் அதன் எலக்ட்ரான்களை உரிக்கிறது. ஆறு எலக்ட்ரான் குறைந்து 6+ ஆக மாறிய அயனியை அதே டெர்மினல் இப்போது வெளியே தள்ளும். இன்னொரு 60 சேர்ந்து மொத்தம் 70.

புதிதாக வருபவர்கள் இங்கே ஏமாறுவதுண்டு. நுழைவாயில் கப்பில் 100 நானோஆம்பியர், இறுதிக் கப்பில் 120. பீம் கூடிவிடவில்லை. ஒவ்வொரு அயனியும் இப்போது ஆறு மின்னூட்டம் சுமக்கிறது; 120-ஐ ஆறால் வகுத்தால் 20. நூற்றுக்கு இருபதுதான் வந்து சேர்ந்திருக்கிறது. இது மோசமான கணக்கல்ல: படலத்தைத் தாண்டும் அயனிகள் 5+, 6+, 7+ என்று பல நிலைகளில் பிரிகின்றன, பீமை வளைத்துப் பிரிக்கும் பகுப்பாய்வுக் காந்தம் அவற்றில் ஒன்றை மட்டுமே விடும். கப்பின் வாயிலில் உள்ள எதிர்மின்னழுத்த வளையம் செயலிழந்தால் இந்தக் கணக்கே பொய்யாகும். மோதலில் எழும் எலக்ட்ரான்கள் தப்பிப் போவதால் நேர்மின் பீமின் மின்னோட்டம் கூடுதலாகத் தெரியும்.

முதல் கப்பிலேயே குறைவு என்றால் கோளாறு அயனி மூலத்தில். அங்கே சீசியம் அயனிகள் கேத்தோடை (தேவையான தனிமம் உள்ள மின்முனை) தாக்கி அணுக்களைத் தெறிக்கச் செய்கின்றன. மேற்பரப்பில் படிந்த சீசியத்திடம் எலக்ட்ரானைப் பெற்று, அவற்றில் ஒரு பங்கு எதிர்மின் அயனியாக வெளியேறும். கேத்தோடு நடுவில் குழிந்துவிட்டதா, சீசியம் போதவில்லையா என்று பார்க்க வேண்டும். சீசியம் அடுப்பு சுமார் 100 டிகிரி செல்சியஸில் இருக்கும். அதை ஓரிரு டிகிரி ஏற்றிவிட்டுப் பொறுத்திருக்க வேண்டும், ஏனென்றால் பலன் மெதுவாகத்தான் தெரியும். அவசரப்பட்டு ஏற்றினால் சீசியம் மின்காப்பிகளில் படிந்து பொறி பறக்கும். நைட்ரஜன் பீம் கேட்டால் வேறு வழி: அதற்கு நிலையான எதிர்மின் அயனி இல்லாததால் சயனைடு அயனியாக அனுப்பி, படலத்தில் உடைக்க வேண்டும். டெர்மினல் வரை பெற்ற ஆற்றலில் 26-இல் 14 பங்கே நைட்ரஜனுக்குக் கிடைக்கும்.

முதல் கப் சரி, முடுக்கிக்குப் பின்னுள்ள கப் காலி என்றால் முதலில் சந்தேகிக்க வேண்டியது படலத்தை. அது கிழிந்திருந்தால் அயனி எதிர்மின்னாகவே இரண்டாம் பாதிக்குள் நுழையும். டெர்மினல் அதைப் பின்னுக்கு இழுத்து, கொடுத்த ஆற்றலைத் திரும்ப வாங்கிவிடும். அயோடின், தங்கம் போன்ற கனமான அயனிகள் படலத்தை விரைவில் கெடுத்துவிடும். அதனால்தான் டெர்மினலில் மாற்றுப் படலங்கள் ஏராளமாக அடுக்கப்பட்டிருக்கும். கிழியாமல் தடிப்பதும் உண்டு. எஞ்சிய வாயுவிலுள்ள ஹைட்ரோகார்பன்கள் பீம் படும் இடத்தில் கார்பனாகப் படியும். இதற்கு அழகான அடையாளம் ஒன்று இருக்கிறது. பகுப்பாய்வுக் காந்தத்துக்குப் பின் உள்ள பிளவின் இரு தகடுகளிலும் விழும் மின்னோட்டத்தை ஒப்பிட்டு, கொரோனா ஊசிகள் (டெர்மினலின் மின்னூட்டத்தைக் கசியவிடும் கூர்முனைகள்) வழியாக டெர்மினல் மின்னழுத்தம் தானாகத் திருத்தப்படுகிறது. படலம் தடித்து அயனி ஆற்றலை இழந்தால், அதை ஈடுகட்ட இந்த அமைப்பு மின்னழுத்தத்தைச் சிறிது சிறிதாக உயர்த்தும். காந்தப்புலம் மாறாதிருக்க வோல்ட்மீட்டர் மட்டும் ஊர்ந்து ஏறினால், படலத்தை மாற்றும் நேரம் வந்துவிட்டது.

முடுக்கிக்குப் பின் நன்றாக இருந்து காந்தத்தைத் தாண்டியதும் பீம் காணாமல் போனால், மின்னழுத்தமோ காந்தப்புலமோ விலகியிருக்கிறது. காந்தத்துக்கு முந்தைய நிலையின் நினைவு உண்டு. தேவையான புலத்தைத் தாண்டிவிட்டால் அப்படியே பின்னுக்கு இழுக்காமல், நன்றாகக் கீழே இறக்கி மறுபடி மேலேறி வர வேண்டும். எப்போதும் ஒரே திசையிலிருந்து அணுகினால்தான் நேற்றைய அமைப்பு இன்றைக்கும் பொருந்தும்.

முடுக்கியைச் சூழ்ந்த, மின்காப்பு வாயு நிரம்பிய தொட்டிக்குள் பொறி பாய்ந்தால் டெர்மினல் நொடியில் சுழியத்துக்கு இறங்கும். உடனே பழைய மின்னழுத்தத்துக்குத் தாவக் கூடாது. தாழ்ந்த மின்னழுத்தத்தில் தொடங்கி, வெற்றிடத்தையும் எக்ஸ்-கதிர் அளவையும் கவனித்தபடி சிறு சிறு படிகளாக ஏற்ற வேண்டும். இரண்டில் ஒன்று துள்ளினாலும் அங்கேயே நின்று அடங்கவிடுவதே பாதுகாப்பு. இதில் காட்டும் பொறுமை முடுக்கிக் குழாயின் ஆயுளைக் காக்கிறது.

தொட்டியை நிரப்பியிருக்கும் சல்ஃபர் ஹெக்ஸாஃப்ளோரைடு வாயு காற்றைவிட ஐந்து மடங்கு கனமானது, மணமற்றது. பழுதுபார்க்கத் திறக்கும்போது வாயு முழுவதையும் சேமிப்புக் கலத்துக்கு ஏற்றிவிட வேண்டும். நூறாண்டுக் கணக்கில் அதன் புவிவெப்ப விளைவு கரியமில வாயுவைப் போல 20,000 மடங்குக்கும் மேல். பொறிகளால் சிதைந்த நச்சுத் துணைப்பொருள்களை அலுமினா வடிகட்டிகள் பிடித்துக்கொள்ளும். அடியில் தங்கிய வெண்தூளைக் கையுறையும் முகமூடியும் இல்லாமல் தொடக் கூடாது. உள்ளே காற்றை ஊதிய பிறகு ஆக்சிஜன் மீட்டரைத் தொட்டியின் அடிமட்டம் வரை இறக்கிப் பார்க்க வேண்டும், அந்த வாயு தேங்குவது அங்கேதான். எல்லா மட்டத்திலும் 20.9 விழுக்காடு காட்டிய பிறகே ஆள் இறங்கலாம், வெளியே இன்னொருவர் காவலிருக்க.