போகும்போதும் கிழக்கு, வரும்போதும் கிழக்கு

சிங்கப்பூரின் ஈசூனில் இருக்கும் அக்கா ஒருவர் கேட்டார்: "மகன் நியூயார்க் போனப்ப கைப்பேசியில விமானத்தைப் பார்த்துக்கிட்டே இருந்தேன். ஜப்பான் பக்கமாப் போய் பசிபிக்கைத் தாண்டுச்சு. லீவுக்கு வர்றப்ப அட்லாண்டிக், ஐரோப்பான்னு சுத்தி வருது. போன வழியே திரும்பக் கூடாதா தம்பி?"

முதலில் தூரம். தீர்க்கரேகைக் கணக்கில் நம் சாங்கி விமான நிலையம் கிழக்கே 104 டிகிரி, நியூயார்க் மேற்கே 74. கூட்டினால் 178. கிட்டத்தட்ட பூமியின் எதிர்ப்பக்கம். அதனால் மிகக் குறுகிய வழி வட துருவத்தை ஒட்டியே போகிறது: சுமார் 15,300 கிலோமீட்டர். ஆனால் துருவத்திலிருந்து கிழக்கே சாய்ந்தாலும் மேற்கே சாய்ந்தாலும் தூரம் ஓரளவுதான் கூடும். எனவே, எந்தப் பக்கம் போவது என்பதைப் பல நாட்களில் காற்றுதான் முடிவு செய்கிறது.

அந்தக் காற்றைப் பற்றித்தான் எனக்குப் பேசித் தீராது. பூமியின் சுழற்சியில் சிங்கப்பூர் மணிக்கு சுமார் 1,670 கிலோமீட்டர் வேகத்தில் கிழக்கே போய்க்கொண்டிருக்கிறது, நம் தலைக்கு மேல் உள்ள காற்றும்தான். இங்கே சூடேறி எழும் காற்று உயரத்தில் வடக்கே நகர்கிறது. 30 டிகிரி வடக்கில் தரையின் வேகம் சுமார் 1,450 மட்டுமே. வந்த காற்றோ தன் வேகத்தை விடுவதில்லை. சுழலும்போது கைகளை மடக்கினால் வேகம் கூடுமே, அதுபோல பூமியின் அச்சை நெருங்க நெருங்க இன்னும் விரைகிறது. அப்புறம், வெப்பக்காற்றும் குளிர்காற்றும் சந்திக்கும் இடங்களில் வேறு அது வலுப்பெறுகிறது. இதுதான் ஜெட் காற்றோட்டம். குளிர்காலத்தில் ஜப்பானுக்கு மேலே மணிக்கு 300 கிலோமீட்டரைத் தாண்டுவதும் உண்டு.

சாங்கியில் நகரும் நடைபாதையில் நடந்திருப்பீர்கள். கால் அதே வேகத்தில்தான் நடக்கிறது, சுவர்தான் வேகமாகப் பின்னால் போகிறது. விமானத்துக்கும் அப்படியே. காற்றுக்குள் அதன் வேகம் மணிக்கு சுமார் 900. பின்னாலிருந்து 150 தள்ளினால் தரைக்கணக்கில் 1,050, எதிர்த்து வந்தால் 750. 3,000 கிலோமீட்டருக்கு 2 மணி 51 நிமிடம் எங்கே, 4 மணி நேரம் எங்கே! அதனால்தான் சுற்று வழியானாலும் இரண்டு பயணத்திலும் கிழக்கே பறப்பது லாபம். உங்கள் மகன் போய்த் திரும்பியபோது உலகையே ஒரு சுற்று சுற்றிவிட்டார், அக்கா.

இந்தக் காற்றை 1920களில் பலூன்களைப் பறக்கவிட்டு அளந்தவர் ஜப்பானியரான ஓய்ஷி வாசபுரோ. 1926இல் தன் முடிவுகளை எஸ்பெராண்டோ என்ற செயற்கை மொழியில் வெளியிட்டார். வெளியுலகில் அதிகம் பேர் கவனிக்கவில்லை. இரண்டாம் உலகப் போரில் ஜப்பானுக்கு மேலே பறந்த அமெரிக்க விமானிகள் அந்தக் காற்றில் திணறிய பிறகுதான் அதன் அருமை தெரிந்தது. உடனே பலன் தராத ஆராய்ச்சிக்கு எதற்குப் பணம் என்று கேட்பவர்களிடம் நான் இவரைத்தான் காட்டுவேன். அந்தப் பலூன்களுக்கு யாரோ செலவு செய்யத்தான் வேண்டியிருந்தது.

சரி அக்கா, ஜனவரியில் மகன் திரும்பிப் போகும்போது விமானம் ஜப்பானைத் தாண்டுகிற நேரத்தில் கைப்பேசியில் வேகத்தைப் பாருங்கள். 1,100ஐத் தொட்டாலும் தொடும்.